அட்டையில் அச்சாகாத பாதி வசனம்

கேள்வி கேட்டிருக்கும் தம்பிக்கு இருபத்தாறு வயது, பம்பாய் சயான் கோலிவாடாவில் வீடு. அப்பாவுக்குக் குடலில் புற்றுநோய், பரேலில் சிகிச்சை. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்குக் கடவுள் தரும் வாக்கு என்று ஆளுக்கொன்றாக எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில், அவருக்கு வேதத்தின் எரேமியா புத்தகத்திலிருந்து 30:17 வந்திருக்கிறது: "நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன்." வாசித்ததும் சபையே கைதட்டியிருக்கிறது. ஜூன் மாத ஸ்கேனில் நோய் கல்லீரலுக்குப் போயிருப்பது தெரிந்தது. ஊரிலிருந்து போன் செய்த அத்தை, "வசனம் பொய்யாகாது, உங்க வீட்லதான் விசுவாசம் பத்தல" என்று சொல்லி வைத்துவிட்டார். அதிலிருந்து வேதப்புத்தகத்தைத் தொடவே கை வரவில்லை என்கிறார். வசனம் பொய்யா, இல்லை என் விசுவாசம் பொய்யா, இனி எதை நம்பி வாசிப்பது என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, இல்லை, இறையியல் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவள். தாராவியில் பிறந்தேன், அங்கேயே ஒரு சபையில் பெண்களுக்கு வேதபாடம் எடுக்கிறேன். கணக்குப் பார்த்தவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிடும். யாராவது ஒரு தொகையைக் காட்டி "இது எனக்கு வரவேண்டியது" என்றால், அந்தத் தாளின் மேல்பாதியில் என்ன எழுதியிருக்கிறது, யார் பேருக்கு எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பார்ப்போம். உங்கள் அட்டையையும் அப்படித்தான் பார்த்தேன்.

அந்த வசனம் முழுதாக இப்படி இருக்கிறது: "அவர்கள்: உன்னை விசாரிப்பாரற்ற சீயோன் என்று சொல்லி, உனக்குத் தள்ளுண்டவள் என்று பேரிட்டபடியால், நான் உனக்கு ஆரோக்கியம் வரப்பண்ணி, உன் காயங்களை ஆற்றுவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்." இதில் "உனக்கு" என்பது யாருக்கு? ஒரு நகரத்துக்கு. சீயோன் என்பது எருசலேமுக்கு இன்னொரு பேர். எதிரி வந்து நொறுக்கப்போகிற, கேட்பாரற்றவள் என்று பேர் வாங்கப்போகிற எருசலேமை ஒரு பெண்ணாகப் பாவித்துச் சொன்ன வார்த்தை அது. ஐந்து வசனம் மேலே போனால், உன் புண் ஆறாதது என்று அதே கர்த்தர்தான் சொல்கிறார். அட்டைக்கு அகலம் மூன்று அங்குலம். சீயோனுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை, ஆறாத புண்ணுக்கும் இல்லை.

அட்டையைக் கேலி செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பல டிசம்பர்களில் சபை வேலையாக அந்த அட்டைகளைக் கத்தரித்தவளே நான்தான். பெரிய தாளில் வரிசையாக அச்சாகி வரும். சாயங்காலம் நாலைந்து பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, டீயும் பேச்சுமாகக் கத்தரிப்போம். ஒரு வருஷம் பக்கத்திலிருந்த ஒரு அக்கா கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, "இதுல ஒண்ணுகூட அழுகை இல்லையே?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. வேதத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அட்டைக் கட்டிலோ புலம்பலுக்கு ஒரு சீட்டுகூட இல்லை. அழுகிறவனுக்கு வேதம் வைத்திருக்கும் பக்கங்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை நம் கையில் கொடுத்து, "இதை நம்பு" என்கிறோம்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: வசனம் பொய்யில்லை, உங்கள் விசுவாசமும் பொய்யில்லை. ஒரு வசனத்தை அதன் பக்கத்திலிருந்து கத்தரித்து, தேதி போட்ட காசோலை மாதிரி உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். அது வங்கியில் செல்லவில்லை என்றதும், போட்டு வைத்த பணமே இல்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. இப்போது செய்யவேண்டியது, அந்த வசனத்தை அதன் பக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுபோய் வைத்து வாசிப்பதுதான்.

அதற்கு எரேமியாவிலேயே இருப்போம், அடுத்த அதிகாரங்களுக்குப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. அட்டைகளின் ராஜா என்றால் 29:11தான். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று தொடங்கும் வசனம். கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், ஆட்டோவின் பின்னால் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தை எந்த ஆட்டோவிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்புதான் உங்களைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்கிறது அது.

நடந்தது இதுதான். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா எருசலேமின் ராஜாவையும் பிரபுக்களையும் கைவேலைக்காரரையும் பிடித்துக்கொண்டு போனான். மிச்சம் இருந்தவர்கள் நடுவில் அனனியா என்ற தீர்க்கதரிசி எழும்பி, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்றான். எரேமியா அப்போது கழுத்தில் மர நுகம் ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிந்தார், அடிமைத்தனம் நீளும் என்பதற்கு அடையாளமாக. அனனியா அந்த நுகத்தை எல்லார் முன்னாலும் பிடுங்கி உடைத்தான். கைதட்டு யாருக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

28ஆம் அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. அனனியா சொல்லி முடித்ததும் எரேமியா சீறவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். இரண்டு வருஷத்தில் முடிந்துவிட்டால் நல்லதுதானே என்ற ஆசை அவருக்கும் இருந்தது. உங்கள் அட்டையைப் பார்த்துக் கைதட்டிய சபையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை, ஆமென் சொன்னார்கள். ஆனால் எரேமியா ஆமெனோடு நிறுத்தவில்லை. ஆசை வேறு, கர்த்தர் சொன்னது வேறு என்று பிரித்துச் சொன்னார். பாபிலோனில் இருந்தவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். அந்தக் கடிதத்தை வாசித்தபோது நாற்பது வயதில் இருந்த ஒருவர், தன் ஊரை மறுபடி கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவருக்கும் சேர்த்துத்தான் 29:11 எழுதப்பட்டது.

இதை பம்பாய்த் தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த எங்கள் தாத்தாக்களும் "ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிரலாம்" என்றுதான் ரயில் ஏறினார்கள். பேரப்பிள்ளைகள் இப்போது மராத்தியில் சண்டை போடுகிறார்கள்.

சரி, சீயோனுக்குச் சொன்னது என்றால் நமக்கு அதில் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் வேறு விதத்தில். எல்லாராலும் கைவிடப்பட்டவள் என்று பேர் வாங்கியவளை விசாரிக்கிறவர் இவர் என்று அந்த வசனம் சொல்கிறது. அப்படிப்பட்டவர் உங்கள் அப்பாவையும் விசாரிக்கிறவர் என்று தாராளமாக நம்பலாம். அடுத்த ஸ்கேனில் கல்லீரல் சுத்தமாக இருக்கும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறேன். கிடைத்தாகவேண்டும் என்று வசனத்தைப் பிணையாக வைத்துக் கேட்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அத்தை விஷயம். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். விசுவாசம் பத்தவில்லை, அதனால்தான் சுகமில்லை என்கிற அத்தை இரண்டாம் தீமோத்தேயுவின் கடைசிப் பக்கத்தை வாசிக்க வேண்டும். 4:20இல் அப்போஸ்தலனாகிய பவுல் போகிற போக்கில் ஒரு வரி எழுதுகிறார்: "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." விளக்கம் இல்லை, வெட்கமும் இல்லை. இவருடைய உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டால் வியாதி நீங்கியது என்று அப்போஸ்தலர் 19இல் இருக்கிறதே, அதே பவுல். கூட ஊழியம் செய்த நண்பனைப் படுக்கையில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். அவருடைய இளைய உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு, அதற்குக் கைவைத்தியம் எழுதி அனுப்புகிறார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்." இவர்களில் யாருக்கு விசுவாசம் பத்தவில்லையாம்?

இன்னொரு பக்கம், மாற்கு 9இல் ஒரு தகப்பன் வருகிறார். உங்கள் கதையில் மகன் அப்பாவுக்காக நிற்கிறார், அங்கே அப்பா மகனுக்காக நிற்கிறார். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிடுகிறார். முழுசாக நம்பிவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று இயேசு சொல்லவில்லை. அந்தப் பாதி விசுவாசத்தோடேயே பிள்ளை சுகமாகிறான். பெரிய விசுவாசக்காரரான பவுலின் நண்பர் படுத்துக் கிடக்க, பாதி விசுவாசக்காரரின் மகன் எழுந்து நடக்கிறான். அளந்து பார்க்கிற தராசு நம்மிடம் இல்லை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் அந்தத் தராசோடுதான் வந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தது. அத்தை அடுத்த தடவை போன் செய்தால், அவரும் பயந்துபோய்த்தான் அப்படிப் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தன் அண்ணனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் சில பேருக்கு அதட்டலாகத்தான் வெளியே வரும்.

இப்போது வீட்டுக் கதை ஒன்று. எங்கள் அப்பா மில் தொழிலாளி. 1982 ஜனவரி 18ஆம் தேதி பம்பாய் மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே நின்றார்கள். முடிந்தது என்று யாரும் அறிவிக்காமலே அது முடிந்துபோனது, பல பேருக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அப்பாவுக்கும் கிடைக்கவில்லை. அம்மா விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி, சந்தில் விற்றுவிட்டு வருவார். ரேஷன் கடைக்காரர் கடன் கொடுப்பதை நிறுத்திய அன்று நான்தான் பையோடு நின்றேன்.

அம்மாவின் வேதப்புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்பு அட்டை, முதுகு பிய்ந்து, மாவுக்கை பட்ட ஓரங்கள். வசனங்களின் பக்கத்தில் பென்சிலில் தேதிகள் எழுதுவது அவர் வழக்கம். சங்கீதம் 37இல் 25ஆம் வசனம்: "நான் இளைஞனாயிருந்தேன், முதிர்வயதுள்ளவனுமானேன், ஆனாலும் நீதிமான் கைவிடப்பட்டதையும், அவன் சந்ததி அப்பத்துக்கு இரந்து திரிகிறதையும் நான் காணவில்லை." இதன் ஓரத்தில் 1982 செப்டம்பர் தேதி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. பென்சில் தாளில் பள்ளம் விழும் அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அம்மா, பிரசங்கத்தில் தூங்காத அம்மா, தாவீது ராஜாவைப் பார்த்து "நிஜமாவா?" என்று கேட்டிருக்கிறார்.

அதோடு புத்தகத்தை மூடியிருக்கலாம், அவர் மூடவில்லை. பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனால் 73ஆம் சங்கீதத்தில் அடுத்த தேதி, நாலு மாதம் கழித்து. அது ஆசாபின் சங்கீதம். துன்மார்க்கன் கொழுத்திருக்கிறான், நான் விருதாவாகத்தான் என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன் என்று ஆசாப் பொருமுகிறார். 37இல் ஒரு கிழவர் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்கிறார். நான் கண்டதில்லை என்கிறார். நடக்கவே நடக்காது என்று சட்டம் போடவில்லை. 73இல் இன்னொருவர், நான் கண்டது வேறு என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே புத்தகத்தில் இடம். அம்மாவின் பென்சில் நின்றது 26ஆம் வசனத்தில்: "என் மாம்சமும் என் இருதயமும் மாண்டுபோகிறது, தேவன் என்றென்றைக்கும் என் இருதயத்தின் கன்மலையும் என் பங்குமாயிருக்கிறார்." அப்பா அப்புறம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார், வீடு ஒருவழியாக ஓடியது. அம்மா 37ஆம் சங்கீதத்தின் கேள்விக்குறியைக் கடைசிவரை அழிக்கவில்லை. அவரிடம் ரப்பர் இல்லாமல் இல்லை, என் பள்ளிக்கூடப் பையில் எப்போதும் இருந்தது.

வேதத்தை நம்புவது என்றால் எனக்கு அந்தப் பக்கம்தான் ஞாபகம் வரும். ஒரு வசனம் நம்மை மாட்டிவைக்கிறபோது புத்தகத்தை மூடாமல், அது பேசிய அதே புத்தகத்துக்குள் இன்னும் நடப்பது. நம் சார்பாகக் கோபப்படுகிறவர் உள்ளே எங்கேயோ இருக்கிறார், அவரைப் போய்ப் பார்ப்பது.

ரோமர் 10:17 தெரியும்தானே: "விசுவாசம் கேள்வியினால் வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினால் வரும்." ஞாயிறு பள்ளியில் இதை மனப்பாடம் சொன்ன வயதில், கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்றுதான் நான் புரிந்துவைத்திருந்தேன். டீச்சரைக் கேள்வியாகக் கேட்டுத் துளைத்து, வாங்கியும் கட்டிக்கொண்டேன். கேள்வி என்றால் இங்கே காதால் கேட்பது என்று பிறகு தெரிந்தது. திருக்குறளில் 42ஆவது அதிகாரத்துக்குப் பெயரே கேள்விதான். படிக்காவிட்டாலும் கேள், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோலாக இருக்கும் என்று அதில் ஒரு குறள் சொல்கிறது. அம்மாவின் பக்கத்தைப் பார்த்தபிறகு, சிறுவயதில் நான் புரிந்துகொண்டதும் முழுத் தப்பில்லை என்று தோன்றுகிறது.

ஆகவே காதால் கேட்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கை வரவில்லை என்கிறீர்களே, கை வராவிட்டால் போகட்டும். போனில் சங்கீதத்தை வாசித்துக் காட்டும் ஆப் இருக்கிறது, காதில் மாட்டிக்கொள்ளுங்கள். சயானிலிருந்து பரேல் மூன்றாவது ஸ்டேஷன். 13ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனம், ரயில் மாட்டுங்கா போவதற்குள் முடிந்துவிடும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்றால் அதை வேதத்தில் சேர்த்திருக்க மாட்டார்கள். 13 போதாது என்கிற நாளுக்கு 88 இருக்கிறது. அது விடியாமலே முடியும் சங்கீதம், தோழனையும் தூரமாக்கினீர், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடும். கடைசி வரியில் ஒரு அல்லேலூயா ஒட்டவைத்திருக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை பாருங்கள், அதற்காகவே நான் அந்தப் புத்தகத்தை நம்புகிறேன்.

அப்புறம், வசனத்தை எண்ணை வைத்துத் தேடாமல் பக்கமாக வாசியுங்கள். வசன எண்ணெல்லாம் பின்னால் வந்த வசதி. புதிய ஏற்பாட்டுக்கு இப்போது நாம் பார்க்கும் எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர், 1551இல். பவுல் பிலிப்பியருக்கு எழுதியபோது 4:13 என்று ஒன்று கிடையாது, ஒரு கடிதம்தான் இருந்தது, அதுவும் காவலில் இருந்து எழுதியது. "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை ஜிம் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். முந்தின வரியில் பட்டினியாக இருக்கவும் எனக்குத் தெரியும் என்று இருக்கிறது. அந்தப் பட்டினியைத் தாங்கும் பெலத்தைத்தான் அவர் சொன்னார். பிலிப்பியர் நாலே அதிகாரம், ஒரு கீமோ பாட்டில் இறங்கும் நேரத்துக்குள் நாலு தடவை வாசித்துவிடலாம். சங்கீதத்தை தினம் ஐந்தாக வைத்தால் மாதத்தில் ஒரு சுற்று முடியும். 119 வரும் நாள் மட்டும் கணக்கு உதைக்கும், அதற்கு 176 வசனம். அன்றைக்கு 50ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: "அதுவே என் சிறுமையில் எனக்கு ஆறுதல், உம்முடைய வாக்கு என்னை உயிர்ப்பித்தது." யோபு இப்போது வேண்டாம், 42 அதிகாரத்தைத் தாங்கும் தெம்பு உங்களுக்கு வரட்டும்.

வேதத்தின் பழைய தமிழ் வாயில் நுழையவில்லை என்று உங்கள் வயதுப் பிள்ளைகள் பல பேர் என்னிடம் சொல்வதுண்டு, பம்பாயில் ஆங்கில மீடியம் படித்தவர்கள். 1995இல் இன்றைய தமிழில் வந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் சங்கீதங்களை, அங்கே திருப்பாடல்கள் என்று பேர், வாசித்துப் பாருங்கள், பொருள் சட்டென்று புரியும். மனப்பாடத்துக்கு மட்டும் எனக்குப் பழையதுதான். அந்தத் தமிழ் வேதத்தின் ஆரம்பமும் ஒரு சிறையைத் தொட்டுத்தான் போகிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1708 அக்டோபரில் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார், கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த டேனிஷ் அதிகாரி அவரைக் கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்தார். வெளியே வந்து முடித்து, 1715இல் புதிய ஏற்பாடு முழுசாக அச்சானது. பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார், 1719இல் இறந்துபோனார், வயது முப்பத்தாறு. மிச்சத்தை இன்னொருவர்தான் முடித்தார். நம் கையில் இருக்கும் புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஜெபித்ததெல்லாம் கிடைத்தவர்கள் இல்லை.

மனப்பாடம் என்றேன். என் வீட்டுக்காரர் பதினோரு நாள் ஐசியூவில் இருந்தார். பெரிய வேதபாட டீச்சரம்மா நான், அந்தப் பதினோரு நாளும் ஒரு வரி வாசிக்க முடியவில்லை. எழுத்துக்கள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. அப்போது தானாக வந்தது 121ஆம் சங்கீதம். காலையில் அப்பா மில்லுக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று அதன் கடைசி வசனத்தைச் சொல்லித்தான் அனுப்புவார்: "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வருகிற ஊரில் அதைவிடப் பொருத்தமான வசனம் உண்டா? ஐசியூ வாசல் பெஞ்சில் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், நம்பிச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். அவர் வரவில்லை, போனார். பல மாதம் அந்த வசனத்தோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. "போக்கு" என்ற சொல்லும் அதில் இருக்கிறது என்று என் மனதில் பட்டது எத்தனையோ நாள் கழித்துத்தான். அதை உங்களுக்கு விளக்கிப் பாடம் எடுக்கப் போவதில்லை. சொல்வதற்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லாத பதினோரு நாளில் வாய்க்குள் ஏதோ ஒன்று இருந்தது, அது அம்மாவின் குரலில் இருந்தது. அவ்வளவுதான் என்னால் சாட்சி சொல்ல முடியும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ராத்திரி தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை நான் தாண்டிப் போகவில்லை. 1 இராஜாக்கள் 19இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்கிறார், சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து வசனம் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். கர்த்தர் பேசுவது அதற்கெல்லாம் அப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு. எனவே தம்பி, முதலில் சாப்பாடும் தூக்கமும். அந்த எண்ணம் நிற்காமல் வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கல்லீரலுக்கு டாக்டர் பார்ப்பது அவிசுவாசம் இல்லை என்றால் இதுவும் இல்லை. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மருத்துவமனையில் தனியாக நிற்காதீர்கள். பரேலில் டாட்டா மெமோரியல் 1941இலிருந்து இருக்கிறது, நாட்டின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் சுற்றியுள்ள நடைபாதைகளில் மூட்டையோடு உட்கார்ந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அவர்களில் தமிழ் பேசுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள், இந்தியும் மராத்தியும் தெரியாமல் கவுண்ட்டரில் முழிப்பார்கள். உங்களுக்கு மூன்று பாஷையும் தெரியும். ஒருவருக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்த அன்று ராத்திரி தூக்கம் கொஞ்சம் வரும், எனக்கு வந்திருக்கிறது.

அட்டையை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கிழிக்க வேண்டாம். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும், அதில் 12ஆம் வசனத்திலிருந்து 17 வரை உங்கள் கையால் எழுதுங்கள், ஆறாத புண்ணையும் சீயோனையும் சேர்த்து. ஓரத்தில் தேதி போடுங்கள். கேள்விக்குறி போடத் தோன்றினால் போடுங்கள், பென்சிலில்.

அப்பாவுக்கு எதை வாசிப்பது என்று என்னிடம் கேட்பதைவிட அவரிடமே கேளுங்களேன். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கீதமாவது தலைகீழாக ஒப்பிக்காமல் விட்டிருக்க மாட்டார்கள். அவர் எதைச் சொல்கிறாரோ அதை முதலில் வாசியுங்கள். நடுவில் அவர் குரல் சேர்ந்துகொண்டால் நீங்கள் நிறுத்திவிட்டு, அவரைச் சொல்ல விடுங்கள்.